தாத்தா வீட்டு விலாசம்

கேள்வி: அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கக்கூடப் பொய் முகவரி கொடுக்கிறார்களாமே, எதற்கு?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அங்கே வீட்டு விலை ஏறிய ஊரில்தான் பள்ளியின் தரமும் ஏறுகிறது. பள்ளிச் செலவில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வருவதால் வந்த வினை. எந்தப் பள்ளி என்பதை வீட்டு விலாசம்தான் தீர்மானிக்கிறது; அதனால்தான் பொய் முகவரி. ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஒரு தாய், பக்கத்து ஊரிலிருந்த தன் அப்பாவின் விலாசத்தைக் கொடுத்து அங்குள்ள பள்ளியில் இரண்டு மகள்களைச் சேர்த்தார். பள்ளி நிர்வாகம் துப்பறிவாளரை வைத்துக் கண்காணித்தது. பள்ளிக் கட்டணமாகச் சுமார் 30,000 டாலர் கட்டு என்றது. வழக்கு நடந்து 2011 ஜனவரியில் சிறைக்கே போனார். ஆசிரியை ஆக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தவர்! அதே வருடம் ஆளுநர் ஜான் கேசிக் குற்றத்தின் தரத்தைக் குறைத்தார்.

தாத்தா வீடு பேத்திக்கு அந்நிய வீடு என்றால் எந்தத் தாத்தா ஒப்புக்கொள்வார்? பொய் சொன்னது தவறுதான். ஆனால் பள்ளிகளுக்குச் சொத்து வரியை அளவுக்கு மீறி நம்பும் முறை மாநில அரசியல் சட்டத்துக்கே முரண் என்று ஓஹியோ உச்ச நீதிமன்றம் 1997-லேயே தீர்ப்பளித்துவிட்டது. 14 வருடம் கழித்துச் சிறைக்குப் போனதோ அந்தத் தாய்.