வெறுங்காலியல்: ஓர் ஆய்வுரை

முன்னுரை

மனிதப் பாதம் ஒன்றில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி மருத்துவர்கள் வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிய மறுகணம் அதே 26 எலும்புகளுக்கு வந்து சேரும் சமூகப் பொருளைத்தான் எந்தத் துறையும் சீந்தவில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

கருதுகோள்

செருப்பைக் கழற்றச் சொன்னவர் தாமும் கழற்றியிருக்கிறாரா? இதை மட்டும் பார்த்தால் போதும். அங்கே நடப்பது மரியாதையா அவமதிப்பா என்பது தெரிந்துவிடும். இதற்கு 'எதிர்ப்பாதச் சோதனை' என்று பெயரிடுகிறோம்.

ஆய்வு முறை

ஆய்வாளர் பல காலம் குனிந்த தலை நிமிராமல் பிறர் கால்களைப் பார்த்தபடி நடந்தார். அடக்கமானவர் என்ற நற்பெயரும் சில மின்கம்பங்களின் நெருங்கிய பழக்கமும் இதன் உபரிப் பயன்கள்.

இயல் 1: கழற்றும் இடங்கள்

முதற்களம் கோயில். அர்ச்சகர், அறங்காவலர், சிறப்பு தரிசனச் சீட்டுக்காரர், தர்ம தரிசன வரிசைக்காரர் ஆகிய அனைவரும் இங்கே வெறுங்கால்தான். வரிசைகளில் ஏற்றத்தாழ்வு உண்டு, வெயிலில் கிடையாது. சித்திரை மாத உச்சிவேளையில் பிரகாரத்துக் கல் யார் பாதத்தையும் விசாரித்துவிட்டுச் சுடுவதில்லை. மூட்டுவலிக்காக வேண்டிக்கொள்ள வந்தவர்கள் வெள்ளை பூசிய பாதையை நோக்கி ஓடும் வேகத்தைப் பார்த்தால், வேண்டுதல் நிறைவேறச் சந்நிதிவரை போகவேண்டியதில்லை என்றே கருத இடமிருக்கிறது.

இக்களத்தின் துணை இயல் செருப்புக் காணாமற்போதல். கோயிலில் செருப்பு தொலைந்தால் பிடித்த சனி விட்டது என்பது ஆன்றோர் கொள்கை. ஆற்றல் அழியாது, இடம் மாறும் என்ற இயற்பியல் விதிப்படி, விட்ட சனி எடுத்தவரோடு போயிருக்க வேண்டும். ஆனால் எடுத்தவர் புதுச் செருப்போடு நலமாகவே நடமாடுகிறார். இந்த முரண்பாடு மேலாய்வுக்குரியது. ஒற்றைச் செருப்பைக் கிழக்கு வாசலிலும் மற்றதை மேற்கு வாசலிலும் விட்டுச்செல்வோர், சனி விலகவேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள்.

இரண்டாம் களம் 1990களின் கம்ப்யூட்டர் அறை. குளிரூட்டி, திரைச்சீலை, வெளியே வரிசையாகச் செருப்புகள். மூலவர் மட்டும் உள்ளே பச்சை எழுத்தில் மினுங்கினார். வாத்தியாரும் கழற்றினார், மாணவரும் கழற்றினர். எனவே சோதனையில் தேறியது. வழிபாட்டுக்குப் பலன் கிடைத்ததா என்பது வேறு ஆய்வு.

மூன்றாம் களம் சில கிளினிக்குகள். 'செருப்பை வெளியே விடவும்' என்று பலகை இருக்கும். நோயாளி குளிர்ந்த தரையில் கால்விரல்களைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேசைக்கு அடியில் டாக்டரின் ஷூ பளபளக்கும். முடிவு: தோல்வி.

இயல் 2: ராஜாங்க வெறுங்கால்

1823 முதல் 1828 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த ஆமர்ஸ்ட், தம்முன் வரும் இந்தியர்கள் காலணியைக் கழற்ற வேண்டும் என்றார். பின்னாளில் கவர்னர் ஜெனரலான டல்ஹவுசி காலத்தில் இந்த விதி அரசு அலுவலகங்களுக்கும் பரவியது. ஐரோப்பிய உடை உடுத்தியவர்களுக்கு மட்டும் விலக்கு. அதாவது, பூட்ஸ் வாங்கும் வசதி இருந்தால் மரியாதையைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். 1862இல் சூரத் நீதிமன்றத்தில் மானக்ஜி கவாஸ்ஜி என்டீ என்ற அசெசர் (நீதிபதிக்கு ஆலோசனை கூறுபவர்) கழற்ற மாட்டேன் என்றார். கோயிலிலும் வீட்டிலும் கழற்றும் நீங்கள் கோர்ட்டில் கழற்றினால் என்ன என்றது ஆங்கிலேயர் தரப்பு. வீட்டுக்குள் தெருப்புழுதி வரக்கூடாதென்று கழற்றுகிறோம், கோர்ட்டு பொது இடமாயிற்றே என்றது இந்தியத் தரப்பு. தெருப்புழுதியைச் சட்டவாதமாக உயர்த்திய பெருமை இவ்வழக்கைச் சேரும்.

இனி பர்மா. மண்டலே அரண்மனையில் மன்னர் மிண்டோனைக் காண வருவோர் காலணியைக் கழற்றித் தரையில் அமர வேண்டும். 1875இல் பிரிட்டிஷ் தரப்பில் தூது சென்ற டக்ளஸ் ஃபார்சித்தும் அப்படியே அமர்ந்தார். அதன்பின், இனி நம் ஆட்கள் கழற்றக்கூடாது என்று பிரிட்டிஷ் இந்திய அரசு முடிவெடுத்தது. பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மன்னரைச் சந்திப்பதே நின்றுபோயிற்று. கல்கத்தாவில் கழற்றச் சொன்னவர்களுக்கு மண்டலேயில் கழற்றுவது மானப்பிரச்சினை ஆனது. நம் கருதுகோளுக்கு இதைவிட நல்ல சான்றை நாமே கற்பனை செய்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இயல் 3: ஊர்த்தெரு

இந்த இயலுக்கு வேடிக்கை நடை ஒத்துவராது. ஆதிக்கச் சாதியினர் தெருவைக் கடக்கும் தலித் மக்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லவேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழகத்தின் பல ஊர்களில் இருந்தது. அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்துப் பல்லாண்டுகள் கழிந்த பின்பும் தொடர்ந்தது. திண்ணையில் இருந்தபடி கட்டளையிட்டவரின் செருப்பு அவர் காலிலேயே இருந்தது. ஆமர்ஸ்ட் கப்பலில் கொண்டுவந்து கற்றுத்தரவேண்டிய பாடமாக இது இருக்கவில்லை.

இயல் 4: தானாய்க் கழன்ற கால்கள்

கட்டளை இல்லாமலும் சிலர் வெறுங்காலோடு நடந்தார்கள். 1911இல் கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் அணியின் பதினோரு பேரில் பத்துப் பேருக்குப் பூட்ஸ் இல்லை. எதிரே பூட்ஸ் அணிந்த ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவு. 2-1 என்று வென்றது வெறுங்கால். 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடத்துச் சொச்சத்தில் ஓடி உலக சாதனை படைத்தார். 1964இல் டோக்கியோவில் ஷூ அணிந்து, மூன்று நிமிடம் குறைவான நேரத்தில் ஓடி மீண்டும் வென்றார். ஆகவே ஷூக் கட்சியும் வெறுங்கால் கட்சியும் ஒரே சாட்சியைக் கூண்டில் ஏற்றுகின்றன.

1969இல் பீட்டில்ஸ் குழுவின் 'ஆபி ரோடு' இசைத்தட்டு அட்டையில் பால் மெக்கார்ட்னி வெறுங்காலோடு சாலையைக் கடந்தார். அவர் இறந்துபோய்விட்டார் என்பதற்கு அதையே ரசிகர்கள் ஆதாரமாகக் காட்டினார்கள். இந்த அளவுகோலை ஏற்றால் பௌர்ணமியன்று திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டருக்கும் உயிருள்ளவர் ஒருவரைக் காண்பது அரிது. ஓவியர் எம்.எஃப். உசேன் வெறுங்காலோடு போனதால் மும்பையில் ஒரு கிளப் அவரை வாசலிலேயே நிறுத்தியது. கழற்றாதவரைத் தடுத்த கோர்ட்டும் மாட்டாதவரைத் தடுத்த கிளப்பும் ஒரே நாட்டில் இருந்தவை என்பது குறிக்கத்தக்கது.

மறுப்புரை

மருத்துவர்கள் குறுக்கிடுவர். கொக்கிப்புழு ஈரமண்ணிலிருந்து பாதத்தோல் வழியாகவே உடலுக்குள் புகுகிறது. சர்க்கரை நோயாளிக்கு முள் குத்தியதே தெரியாது, வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனும் மென்ரப்பர் செருப்பு போடவேண்டும். இவ்விரண்டையும் ஆய்வாளர் மறுபேச்சின்றி ஏற்கிறார். நோயாளியின் செருப்பை வாசலில் விடச்சொல்லும் கிளினிக்குகளும் ஏற்றால் நல்லது.

பரிந்துரைகள்

ஒன்று: 'செருப்பை இங்கே விடவும்' என்ற பலகையை மாட்டுபவர் முதலில் தம் செருப்பை அதன்கீழ் விடவேண்டும், பலகைக்கு அதுவே முத்திரை. இரண்டு: அப்படி ஒரு ஜோடி அங்கே இல்லாவிட்டால், வந்தவர் மாட்டியபடியே உள்ளே போகலாம். மூன்று: அங்கே ஒரு ஜோடி இருந்து, திரும்பி வரும்போது அதுவும் காணாமற்போயிருந்தால், சனி இருவருக்கும் ஒருசேர விட்டதாகக் கணக்கில் கொள்க.