பேரு பெத்த பேரு

வாடா தம்பி. சேலையூரில் கடை போடுறியாமே? நல்லாரு. ஆனா ‘ஓட்டலு’ன்னு நான் சொன்னதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சியச் சுளிச்சே? “ரெஸ்டாரன்ட் தாத்தா, பிரெஞ்சு வார்த்தை”ன்னு மூக்கால வேற பேசிக் காட்டுனே. சரி, பிரெஞ்சுக்காரன் கிட்டயே ஞாயம் கேப்போமா?

லத்தீனில் ‘ரெஸ்தவ்ராரே’ன்னு ஒரு சொல்லு. நொடிஞ்சதைத் தேத்தி நிமித்துறதுன்னு அர்த்தம். பிரெஞ்சில் அது ‘ரெஸ்தோரே’ ஆச்சு. அதுக்குப் பொறந்த புள்ளைதான் உன் ரெஸ்டாரன்ட். மொதல்ல அது கடைக்குப் பேரே இல்லடா, சூப்புக்குப் பேரு! கறியைக் கொதிக்கவிட்டு, சாறு எறக்கி, சீக்காளிக்குக் குடுப்பாங்க. ஆளைத் தேத்துனதால அந்தப் பேரு. 1760களில் பாரிசில் அதை விக்கவே கடை தொறந்தாங்க. அப்புறம் சூப்போட பேரு கடைக்கே ஒட்டிக்கிச்சு.

இப்ப சொல்லு. மேற்குத் தாம்பரத்தில் பொழுது சாஞ்சா ஆட்டுக்கால் சூப்பு வண்டி நிக்குதே, மிளகு தூக்கலா ஒரு கிளாஸ் குடிச்சா சளியெல்லாம் எறங்குதே, அது ரெஸ்டாரன்ட்டா? இல்ல, ஏசி போட்டு ஆளை நடுங்க வைக்கிற உன் கடையா?

‘மெனு’ன்னு ஒரு அட்டை அடிச்சிருக்கே. அதுவும் பிரெஞ்சுதான். மூலம் லத்தீன் ‘மினூத்துஸ்’, பொடிசுன்னு அர்த்தம். பலகாரத்தைப் பொடிப்பொடியா விவரிச்சு எழுதுனதால வந்த பேரு. நீ அந்த அர்த்தத்தைத் தட்டுலயே காட்டுறியேடா! மொறம் அகலத்துக்குப் பீங்கான், நடுவுல ஒத்தைப் பணியாரம். பேரு பெத்த பேரு, தாகத்துக்குத் தண்ணி இல்ல.

இன்னொண்ணும் கேட்டுக்கோ. நீ எளப்பமா நெனச்ச ஓட்டலும் பிரெஞ்சு வழியா வந்ததுதான். அதுக்கு லத்தீன் வேரு ‘ஹோஸ்பெஸ்’. விருந்தாளிக்கும் அதே பேரு, விருந்து வைக்கிறவனுக்கும் அதே பேரு. ஹாஸ்டலு, ஆஸ்பத்திரி எல்லாம் அந்த வயித்துப் புள்ளைங்கதான். கூடப் பொறந்ததுங்க, ஒண்ணு வீட்டுக்குப் போனா இன்னொண்ணு வீட்டுக்கும் போக வேண்டி வரும்.

அதனால பலகையில எந்தப் பேரு வேணா எழுது. நேத்து எண்ணெயை மட்டும் இன்னிக்கு ஊத்தாதே. ஒரு ஸ்டேஷன் தள்ளி சானடோரியம் ஆஸ்பத்திரி இருக்குன்னு தைரியமா? டேவிட் சவுரிமுத்து டாக்டரு 1928இல் அதை ஆரம்பிச்சது காசநோய்க்கு. உன் கையால கெட்ட வயித்துக்கு இல்லடா!