ஓடா மிதிவண்டி: செஞ்சிச் சான்றுகளுடன் ஓர் ஆராய்ச்சி

சைக்கிளை வீட்டுக்குள் அசையாமல் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு மட்டும் வேலை கொடுக்கும் கருவி டிரெயினர் எனப்படும். இது மேலைநாட்டுச் சரக்கு என்பாரும் உளர். 1796இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் லோண்டஸ் என்பார், கைகால்களை ஆட்டிப் பயிலும் ஜிம்னாஸ்டிக்கான் என்ற பொறிக்குக் காப்புரிமை பெற்றதை அவர்கள் காட்டுவர். அற்றன்று. இருந்த இடத்திலிருந்தே வியர்வை சிந்தும் கலையில் செஞ்சி அதற்கு நூறாண்டு மூத்தது.

1690இல் மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க முகலாயத் தளபதி சுல்பிகார் கான் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டான். கோட்டை விழுந்தது 1698இல். ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். ஏறத்தாழ ஏழரை ஆண்டு (சனி பகவானின் கணக்கும் அதுவே) ஒரு பெரும்படை முன்னேறாமலே உழைத்தது. நடுவில் வந்தவாசிக்குப் பின்வாங்கியதை வரலாற்றாசிரியர் பின்னடைவு என்பர். பயிற்சி நூலார் ஓய்வு வாரம் என்பர். கோட்டைக்குள் நெற்களஞ்சியத்தின் பக்கத்தில் உடற்பயிற்சிக்கூடம் என்று ஒரு கட்டடத்தைக் காட்டுகிறார்கள். இடம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

இனிக் கருவி. பழைய கறுப்பு சைக்கிளின் இரட்டைக்கால் ஸ்டாண்டைப் போட்டதும் பின்சக்கரம் தரையை விட்டு எழும். டைனமோவைத் தட்டி டயரோடு ஒட்டவிட்டால் மிதி கனக்கும், விளக்கு எரியும். டயரில் உரசும் டிரெயினருக்கும் வேறு தத்துவம் கிடையாது. ஓர் உருளை டயரை அழுத்தும். காந்தமோ எண்ணெயோ அதை இழுத்துப் பிடிக்கும். டைனமோவின் குறை, அது தருவது 3 வாட். உராய்வில் இன்னொரு 3 போகிறது என்று வைத்தாலும், 150 வாட் மிதிப்பவரைத் திணறடிக்க 25 டைனமோ வேண்டும். டயரைச் சுற்றி அத்தனைக்கு இடமில்லை.

இக்குறையைத் தீர்த்தவர் நம் தெருவில் சாணை பிடிப்பவர். ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் அமர்ந்து, அரிவாளைக் கல்லில் அழுத்தினால் மிதி கனக்கும், தளர்த்தினால் இலேசாகும். மின்காந்தம் வைத்துப் பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கும் ஸ்மார்ட் டிரெயினர் செய்வதும் அதுதான். அரிவாள் மட்டும் கூராகாது.

தேர்வைப் பற்றி. உருளைகளின் மேல் வண்டியை அப்படியே ஏற்றி ஓட்டும் ரோலர் சமநிலை கற்பிக்கும். குருதட்சணையாக முன்பல்லைக் கேட்கக்கூடும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினை நேரே மாட்டும் டைரக்ட் டிரைவ் வகையில் சத்தம் குறைவு, டயரும் தேயாது. அதிலுள்ள பல்சக்கரங்கள் வண்டியின் கியருக்கு ஒத்துவர வேண்டும், பர்சும் ஒத்துவர வேண்டும். கரண்டு போகும் ஊரில் சிலிக்கோன் எண்ணெய் அடைத்த ஃபுளூயிட் வகையே என் கட்சி. வேகம் கூடக் கூடத் தானே கனக்கும், பிளக் கேட்காது. கறுப்பு சைக்கிள் வைத்திருப்போர் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்: நட்டுப் போட்ட அச்சும் மட்கார்டும் ஸ்டாண்டும் பெரும்பாலும் எதையும் கிட்டே விடா.

டயரில் உரசும் வகையில் வண்டியைப் பொருத்தும்போது பின்சக்கரத்தின் குயிக் ரிலீஸ் கம்பியை எடுத்துவிட்டு, டிரெயினரோடு வரும் எஃகுக் கம்பியை மாட்டவேண்டும். பின்புறம் உயர்ந்துவிடுவதால் முன்சக்கரத்தடியில் ஒரு கட்டை. அடியில் தடித்த ரப்பர் விரிப்பு. கீழ் போர்ஷன்காரரின் நட்பு அதன்மேல் நிற்கிறது. எல்லாவற்றிலும் முக்கியம் ஃபேன். உடம்பு செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே மிதியில் சேரும், மிச்சமெல்லாம் சூடு. ரோட்டில் எதிர்க்காற்று அதை வாங்கிக்கொள்ளும். அறைக்குள், அதுவும் செஞ்சிப் பாறைகள் கொதிக்கும் அக்னி நட்சத்திரத்தில், வாங்க ஆளில்லை.

'செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை 800 அடி உயரத்தில் வாசலிலேயே நிற்க, இதெல்லாம் எதற்கு?' எனின், கோட்டைப் படிகளில் சைக்கிள் ஏறாது என்பது முதல் விடை. இரண்டாம் விடை குரங்கு. மலையில் அது தண்ணீர் பாட்டிலைப் பறித்தால் பத்தடியாவது துரத்தலாம். டிரெயினரிலோ, என்ன வேகத்தில் மிதித்தாலும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் குரங்கை எட்ட முடியாது. ஆகவே முதலில் கம்பிவலை அடிக்கவும், டிரெயினர் பிறகு.