பனங்கொட்டை மரமாகாமல் போவது ஏன்? பேசாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

வளவில் கொட்டை போட்டுப் பழமரம் வளர்ப்பது பற்றி மாமரத்துக்கும் பப்பாசிக்கும் வேண்டிய மட்டும் எழுதியாயிற்று. ஆனால் மன்னார்த் தீவின் மணலில், கடற்காற்று ஓயாத பேசாலையில், தண்ணீர் கேட்டுத் தொல்லை தராத பழமரம் பனைதான். அதை வீட்டில் முளைக்கவைக்காதவர் குறைவு. மரமாக்கியவர் அதைவிடக் குறைவு. இந்த முரணுக்கு இதுவரை எவரும் முறையான விளக்கம் தரவில்லை.

பழி நிலத்துக்கு உரியதன்று. ஆவணி, புரட்டாசியில் பழம் தானே விழுகிறது. ஒன்றில் மூன்று கொட்டை வரை இருக்கும். களியைப் பனாட்டுக்கு எடுத்தபின் கொட்டைகளைப் பாத்தியில் நெருக்கி அடுக்கி மண்ணால் மூடினால் மாரிமழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பனைமுளை மேலே வர அவசரப்படாது. முதலில் நேரே கீழே இறங்கி, அங்கே கிழங்காகத் திரளும். வெயிலும் வறட்சியும் தீண்டாத ஆழத்தில் உயிரை ஒளித்துவைக்கும் இந்த ஏற்பாட்டைத் தாவரவியலார் மெச்சுவர். ஒளித்த இடம் ஊர் முழுக்கத் தெரியும் என்பதைத்தான் பனை கணக்கில் எடுக்கவில்லை.

கிழங்கு வரை பொறுக்காத பிரிவினர், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், முளைவிட்ட கொட்டையைப் பிளந்து பூரானைத் தின்றுவிடுகிறார்கள். தப்பியவற்றுக்குத் தை மாதமளவில் மண்வெட்டி வருகிறது. பச்சையாகப் பிளந்து காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியல்மாவோடு நண்டும் இறாலும் மீன்தலையும் சேர்ந்தால் கூழ். மீன் இறங்கும் கரையில் ஒரு கிழங்கு மரமாக எஞ்சும் வாய்ப்பைக் கணிக்கப் புள்ளிவிபரவியல் தேவையில்லை. எனவே நமது கருதுகோள்: பேசாலையில் நிற்கும் ஒவ்வொரு பனையும் யாரோ கிண்ட மறந்த கிழங்கு, அல்லது எவரும் பொறுக்காத கொட்டை.

வடலியானாலும் ஆய்வாளர் நிம்மதி அடைய முடியாது. ஆணா பெண்ணா என்பது பாளை வந்தால்தான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் போகும். ஆண் என்றால் பழமே இல்லை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டமோ, பலா, ஈரப்பலா ஆகியவற்றோடு பெண் பனையை மட்டும் பெயர் சொல்லிக் காத்தது. பாளை காட்டாத வடலி எந்தப் பக்கம் என்பதைச் சட்ட அறிஞர்கள்தான் தீர்க்க வேண்டும். போர்க்காலத்தில் வடக்கின் பனைகள் பதுங்குகுழிகளுக்குக் குற்றி குற்றியாகப் போனபோது, ஆணா பெண்ணா என்று எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

ஆய்வின் ஒரே பரிந்துரை: பாத்தியின் ஒரு மூலையை வேண்டுமென்றே மறந்துவிடுங்கள். மேலாய்வுக்கு வருவோர் தலைமன்னார் ரயிலில் ஏறிப் பேசாலையில் இறங்கலாம். மீன் இங்கே கிடைக்கும். ஒடியல்மாவை மட்டும் கையோடு கொண்டுவரவும்.