எந்த கிளாஸ் என்று இன்னும் முடிவாகவில்லை

ரேஸ் ஓட்டுகிறவர்கள் ஒரு ரகம். ரேஸ் பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டுக்கும் நடுவில், அடுத்த சீசனில் ஓட்டப்போகிறவர் என்று ஒருவர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு சென்னை ஈசிஆரில் எந்த டீக்கடை வாசலில் பைக்குகள் வரிசையாக நிற்கின்றனவோ, அங்கே அவரைப் பார்க்கலாம். வயது நாற்பதுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கும். ஓஎம்ஆரில் வேலை, வேளச்சேரியில் வீடு, வீட்டின் மேல் கடன். முதுகில் திமில் வைத்த தோல் சூட் போட்டிருப்பார். அந்தத் திமில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிப்பதற்காக வைத்தது. நம்மாள் அதை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து பட்டர் பிஸ்கட் சாப்பிடுவார்.

"சார், நீங்க எந்த கிளாஸ்ல இறங்கப்போறீங்க?" என்று விவரம் தெரியாத யாராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு டீ ஆறிப்போகும்.

முதலில் அவருடைய வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. கம்பெனிக்காரர்கள் பாவம், மண் பாதையில் போகட்டும் என்று முன்னால் 21 அங்குலச் சக்கரமும் பின்னால் 18 அங்குலச் சக்கரமும் வைத்துக் கொடுத்தார்கள். நம்மாள் இரண்டையும் கழற்றி மொட்டை மாடியில் தண்ணீர் டாங்கிக்குப் பின்னால் சாத்திவிட்டு, இரண்டு பக்கமும் 17 அங்குலம் மாட்டி, தார்ச்சாலைக்கான அகல டயர் போட்டுவிட்டார். இதற்குப் பெயர்தான் சூப்பர்மோட்டோ. சீட்டில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து மாநகரப் பேருந்தின் டிரைவருக்கு நேருக்கு நேர் வணக்கம் வைக்கலாம்.

சூப்பர்மோட்டோவின் பூர்விகத்தை அவர் சொல்லாமல் விடமாட்டார். 1979இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்கு ஒரு சந்தேகம் வந்தது. மண்ணில் குதிக்கிற மோட்டோகிராஸ்காரன், மண் வட்டத்தில் சறுக்கிச் சுற்றுகிற ஃப்ளாட் டிராக்காரன், தாரில் முட்டி தேய்க்கிற ரோடு ரேஸ்காரன், இந்த மூன்று பேரில் யார் பெரியவன்? கலிபோர்னியாவில் கார்ல்ஸ்பாட் என்ற இடத்தில் பாதி தாரும் பாதி மண்ணுமாக ஒரு பாதை போட்டு, 'சூப்பர்பைக்கர்ஸ்' என்று பெயர் வைத்து மூன்று பேரையும் அதில் இறக்கிவிட்டார்கள். சில வருடங்களில் அமெரிக்கர்களுக்கு அது அலுத்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் எடுத்து வளர்த்தார்கள். இதெல்லாம் நிஜம்தான். ஆனால் நம்மாள் சொல்லும்போது கார்ல்ஸ்பாட்டில் வேலி ஓரமாக அவரும் நின்றிருந்த மாதிரி ஒரு தோரணை வரும். 1979இல் அவர் பிறக்கவே இல்லை.

சிக்கல் இனிமேல்தான். தேசிய மோட்டார்சைக்கிள் ரேஸிங் சாம்பியன்ஷிப்பில் அண்மை ஆண்டுகளில் நோவிஸ் என்றால் 165 சிசி வரையிலான ஸ்டாக் வண்டி. கொஞ்சம் தேறியவர்களுக்கு ப்ரோ-ஸ்டாக் 165. அதைத் தாண்டினால் ஒரே எட்டில் 301 முதல் 400 வரை. நம்மாள் வண்டியின் இன்ஜின் 199.6 சிசி. கீழே இறங்க முடியாது, மேலே ஏற முடியாது. விசுவாமித்திரர் மேலே அனுப்பி, இந்திரன் கீழே தள்ளிவிட்ட திரிசங்குவுக்காவது தனியாக ஒரு சொர்க்கம் கிடைத்தது. 199.6 சிசிக்கு அதுவும் இல்லை. சிசி ஒத்துவந்தாலும் 'ஸ்டாக்' என்ற சொல் விடாது. கம்பெனி கொடுத்தபடி இருந்தால்தான் அது ஸ்டாக். இவரோ கம்பெனி கொடுத்ததைத்தான் மொட்டை மாடியில் வைத்திருக்கிறார்.

புதுப்பேட்டையில் தெரிந்த மெக்கானிக்கிடம் போய், "இன்ஜினை 165க்குக் கொண்டுவர முடியுமாப்பா?" என்று விசாரித்திருக்கிறார். மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாராம்: "சார், இருபது வருஷமா இந்தக் கடை வெச்சிருக்கேன். இன்ஜினைப் பெருசாக்கித் தாங்கன்னு ஆயிரம் பேர் வந்திருக்காங்க. சின்னதாக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்."

வண்டிக்கு கிளாஸ் இல்லை என்றால் கிளாஸுக்கு ஏற்ற வண்டியை வாங்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றாமல் இல்லை. அங்கேதான் அவருடைய ஆராய்ச்சி விரிகிறது.

நோவிஸ் கிளாஸில் பெரும்பாலும் யமஹா ஆர்15. இன்ஜின் 155 சிசி, பதினெட்டு சொச்சம் குதிரைத் திறன். அதன் மேல் படுத்துக்கொண்டு வருகிறவர்கள் அநேகமாகப் பள்ளிக்கூடப் பையன்கள். ஐம்பது கிலோ இருப்பார்கள், அதில் ஐந்து கிலோ ஹெல்மெட்டும் பூட்ஸும். நம்மாள் எண்பத்தாறு. பதினெட்டு குதிரைகளுக்கு முப்பத்தாறு கிலோ கூடுதல் சுமை என்பது விளையாட்டல்ல, ஒவ்வொரு வளைவிலிருந்து வெளியே வரும்போதும் அது தெரியும். இதை அவர் காகிதத்தில் கணக்குப் போட்டே காட்டுவார். கணக்கு சரியாக இருக்கும். ஆனால் எடையைக் குறைக்கலாம் என்ற முடிவுக்கு மட்டும் அந்தக் கணக்கு வராது. உணவை மாற்றுவதைவிட கிளாஸை மாற்றுவது சுலபம். தவிர, பதினாறு வயதுப் பையனிடம் தோற்றுவிட்டு அவன் அப்பாவோடு ஒரே மேஜையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட வேண்டியிருக்குமே, அதுவும் ஒரு யோசனை.

சரி, 301 முதல் 400 வரை போகலாமா? அங்கே பையன்கள் குறைவு. ஆனால் ஓட்டுகிறவர்கள் பத்து வருடமாக இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். அப்படியானால் எந்த கிளாஸில் ஆள் குறைவு என்று பார்ப்போம் என்று பழைய முடிவுப் பட்டியல்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவார். நாலு பேர் தொடங்கி, ஒருவன் விழுந்து, ஒருவன் வண்டி நின்றுபோனால், கடைசியாக வந்தாலும் மேடைதான். இப்படி வாழ்க்கையில் எதையும் திட்டமிட்டவரல்ல அவர். கல்யாண மண்டபத்துக்குக்கூட மாமனார்தான் அலைந்தார்.

ஒன்-மேக் என்று ஒரு வழி இருக்கிறது. டிவிஎஸ் 1994இலிருந்தே நடத்துகிறது. ராயல் என்ஃபீல்டு 2021இலிருந்து கான்டினென்டல் ஜிடி வண்டிகளை வைத்து நடத்துகிறது. வண்டியைக் கம்பெனியே கொடுக்கும், பராமரிப்பும் அவர்களுடையதே. எல்லாருக்கும் ஒரே வண்டி. தேர்வு நாளில் நல்ல நேரத்தில் சுற்றிக் காட்டினால் போதும். புதிதாக வருகிறவருக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை. இதைச் சொன்னால் நம்மாள் முகம் வாடும். "அப்ப என் வண்டி?" என்பார். மேலுக்கு அது வண்டிப் பாசம்தான். எனக்கு வேறொன்று படுகிறது. எல்லாருக்கும் ஒரே வண்டி என்றால் தோற்றதற்கு வண்டியைக் கை காட்ட முடியாது. டயரை, சிசியை, செயின் ஸ்ப்ராக்கெட்டை, எதையும் சொல்ல முடியாது. மிச்சமிருப்பது அவர் மட்டும்தான். அந்த ஒரு கிளாஸுக்குள் மட்டும் அவர் எட்டிப் பார்க்கமாட்டார்.

இதற்கிடையில் மற்ற ஏற்பாடுகள் ஜோராக நடந்துகொண்டிருக்கும். ரேஸ் எண் தயார். பைக் ரேஸ் வீரர் வாலன்டினோ ரோஸியின் 46ஐ வைக்கக் கூச்சம், விடவும் மனமில்லை. அதனால் திருப்பிப் போட்டு 64. ஆறும் நாலும் பத்து, கூட்டினால் ஒன்று, சூரியனுடைய எண். மேற்கு மாம்பலத்தில் ஒரு எண் கணித ஜோசியர் ஆமோதித்துவிட்டார். டயர் ஓரங்களில் தேயாத ரப்பர் இருந்தால் வளைவில் பயந்து ஓட்டுகிறவன் என்று நாலு பேர் சொல்வார்களே, அதற்காக ஒரு சனிக்கிழமை இரவு உப்புத்தாள் வாங்கித் தேய்த்தார் என்று ஒரு வதந்தி உண்டு. நான் நம்பவில்லை, ஆனால் மறுக்கவும் முடியவில்லை. ரேஸுக்குப் போகும் வண்டியில் கண்ணாடி, சைடு ஸ்டாண்டு எல்லாம் கழற்ற வேண்டும், ஆயில் வடிக்கிற போல்ட்டில் துளை போட்டுக் கம்பி கட்ட வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஸ்டாண்டைக் கழற்றவில்லை, திங்கட்கிழமை அலுவலகத்தில் வண்டியை எதில் சாய்ப்பது?

டீக்கடைக் கூட்டத்தில் சோழவரம் பெரியவர் ஒருவர் எப்போதும் இருப்பார். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாட்களில் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தவர். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் மைதானம் வந்தபோது, "இனிமே சொகுசாப் போச்சு" என்று வருத்தப்பட்டவர். நம்மாள் பட்டியலை நீட்டினால் அவர் மூக்குக்கண்ணாடியைக்கூடப் போடமாட்டார். "கிளாஸ் என்ன தம்பி கிளாஸ்? எங்க காலத்துல ஆர்டி 350 வெச்சிருந்தவன் இறங்கினான். இல்லாதவன் அதைக் கடன் வாங்கிட்டு இறங்கினான்" என்பார்.

வீட்டில் இன்னும் சுருக்கமான கருத்து. "என்னங்க, இன்ஷூரன்ஸ்ல நாமினி நான்தானே?" என்று கேட்டுவிட்டு, "அப்ப போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார் அவர் மனைவி. சொன்னதோடு நிற்காமல், முதலில் உரிமத்துக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தவரும் அவர்தான். இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் போட்டி உரிமம் வேண்டும், அதற்கு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சிச் சான்றிதழும் மருத்துவரின் தகுதிச் சான்றும் வேண்டும். கிளாஸைப் பற்றி இவ்வளவு படித்தவர் இந்த இரண்டு காகிதங்களைப் பற்றிப் படித்ததே இல்லை.

கடைசியில் ஒருநாள் டிராக் டே என்று இருங்காட்டுக்கோட்டைக்கு வந்துவிட்டார். பந்தயமில்லை, பணம் கட்டிவிட்டுச் சுற்றலாம். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. நேர்ப் பாதையின் முடிவில் சி-ஒன் என்று வேகமான வலது வளைவு ஒன்று, பெரிய பெரிய ஆட்களே அங்கே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நம்மாள் சூப்பர்மோட்டோ சாஸ்திரப்படி நிமிர்ந்து உட்கார்ந்து, உள்பக்கக் காலை முன்னால் நீட்டியபடி அதற்குள் போனார். மண்ணிலும் குறுகிய வளைவிலும் அந்தக் கால் ஊன்றுகோல். சி-ஒன்னில் அது வெறும் கால், காற்று அதைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. பின்னால் வந்த பயிற்சியாளர் தன் காலைத் தட்டித் தட்டிக் காட்டினார். ஏதோ பாராட்டுகிறார் என்று நம்மாள் கட்டைவிரலை உயர்த்தினார்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. குறுகிய வளைவுகளில் அவர் பிரமாதமாக ஓட்டினார். மற்றவர்கள் பிரேக் பிடித்த இடத்தைத் தாண்டிப்போய்ப் பிடித்தார், பின்சக்கரம் லேசாக வாலாட்ட வண்டியைத் திருப்பி உள்ளே நுழைந்தார். அகலமான ஹாண்டில்பாரும் குட்டையான கியரும் அந்த வேலைக்கென்றே பிறந்தவை. ஒரே சுற்றில் இரண்டு பேரை முந்தினார். நேர்ப் பாதை வந்ததும், நிமிர்ந்த நெஞ்சில் காற்று மோத, ஏழு பேர் அவரை முந்தினார்கள். அந்த இரண்டு பேரும் ஏழில் அடக்கம். இறங்கி வந்ததும் ஒரு பையன் மரியாதையாகச் சொன்னான்: "அங்கிள், காலை மட்டும் உள்ள வெச்சுக்கோங்க. மத்தபடி செமயா ஓட்டுறீங்க."

அன்று மாலை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கிளாஸில் குற்றமில்லை, மைதானத்தில்தான் குற்றம். கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சுற்று இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், நேர்ப் பாதையும் அவ்வளவு நீளமில்லை. ஆகவே இப்போது கோவையில் எந்த கிளாஸ் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அவரைப் போலவே யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால், ஒன்று சொல்லிவிடுகிறேன். சூப்பர்மோட்டோவை விற்க வேண்டாம். கோ-கார்ட் ஓடும் சின்ன டிராக்கில் பைக்கை அனுமதிக்கிற நாளாகப் பார்த்து அங்கே கொண்டுபோங்கள், உலகம் முழுக்க அந்த வண்டி வளர்ந்தது அப்படிப்பட்ட இடங்களில்தான். முதல் ரேஸுக்கு மட்டும் ஒன்-மேக் தேர்வுக்குப் போங்கள், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு டீமிடம் 165 சிசி நோவிஸ் வண்டியை வாடகைக்கு எடுங்கள். 165 சிறியது என்று நினைக்க வேண்டாம். சி-ஒன்னுக்குள் நுழையும்போது அதுவே ஏராளமாக இருக்கும்.