ரவிக்கை முக்கலும் பழுப்புநோக்கு விதியும்: ஓர் ஆய்வு

வீட்டில் சாயம் முக்கும் எந்தத் துணியும், எந்த நிறத்தில் தொடங்கினாலும், திருத்தத் திருத்தக் காப்பிப்பொடி நிறத்தில்தான் போய்ச் சேரும். இதைப் 'பழுப்புநோக்கு விதி' என இக்கட்டுரை முன்மொழிகிறது. ஆய்வுப் பொருள்: வெளுத்துப்போன வெந்தய நிறப் பருத்தி ரவிக்கை. இலக்கு: சேலைக்கு ஏற்ற மயில்கழுத்து. ஆய்வுக்கூடம்: கொல்லைப்புறம். கருவி: சமையலுக்கு இனி ஆகாதென்று ஒதுக்கிய அலுமினியக் குண்டான்.

முதல் முக்கலுக்கு நீலப்பொடி கரைக்கப்பட்டது. மஞ்சளின் மேல் நீலம் ஏறினால் பச்சை என்பது பள்ளிப் பாடம். ஆய்வாளர் அன்று விடுப்பு போலும். அசல் ராமர் பச்சை வந்தது. "ஒரு சிட்டிகை சிவப்புப் போடுடா, பச்சை அடங்கிடும்" என்றார் அத்தை. கொள்கை சரிதான், சிவப்பு பச்சையை அமர்த்தும். ஆனால் சிட்டிகை என்பது அத்தைக்கு அத்தை மாறுபடும் அளவை. போதாக்குறைக்கு, ஈரத்துணி உள்ளதைவிட அடர்ந்தே தெரியும். இழைகளுக்கிடையே தண்ணீர் நிற்பதால் ஒளி சிதறித் திரும்புவது குறைகிறது. உலர்ந்தபின் பார்ப்பதே முறை. அதுவரை பொறுக்கும் குணமுள்ள உறவினர் எவரும் இவ்வாய்வில் பங்கேற்கவில்லை.

விதியின் அடிப்படை எளிது. சாயம் ஒளியைத் தின்னும். தின்றதைத் திருப்பித் தராது. பச்சை தின்றது போக மிஞ்சியதைச் சிவப்பு தின்றது. அடுத்து வந்த சித்தி, நிறம் பிடிக்கட்டும் என்று கல்லுப்பை அள்ளிப் போட்டார். தண்ணீரில் பருத்தியும் சாயமும் ஒன்றையொன்று தள்ளுகிற மின்விலக்கத்தை உப்பு குறைக்கும். குண்டானில் மிச்சமிருந்த தவறுகளும் இழையில் ஏறிக்கொண்டன.

பாரிஸின் கோப்ளான் திரைச்சீலை ஆலையில் சாயப்பிரிவைக் கவனித்த ஷெவ்ரல், கறுப்பு எடுப்பாக இல்லையென்ற புகாரை ஆராய்ந்து, கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நிறத்தில் என்று கண்டார். 1839இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். இதைக் காட்டி, பழியைச் சேலையின் மேல் போட ஆய்வாளர் முயன்றார். சேலையின் விலை நினைவூட்டப்பட்டதும் கோட்பாடு கைவிடப்பட்டது.

உலர்ந்த ரவிக்கை காப்பிப்பொடி. தையல் மட்டும் வெந்தயமாகவே நிற்கிறது. அது பாலியெஸ்டர் நூல், பருத்திச் சாயம் அதில் ஏறாது. நீலப்பொடி கரைத்த ஆய்வாளரின் நகங்களும் நான்கு நாளாக வெளுக்கவில்லை. முந்தானையோடு வைத்துப் பார்த்ததில், அச்சு அசலாகப் பொருந்தியவை அவைதான்.