கறுப்புத் தொட்டியை மொதல்ல தொற, அப்பு

அப்பு, நீ டல்லாஸ்லேருந்து அனுப்புன வீடியோவ நானும் ஒன் அப்பத்தாளும் பாத்தோம். வண்டிக்குள்ள கட்டில், குளிப்பறை, பிரிட்ஜு, அடுப்பு, சுவத்துல டிவி. எல்லாத்தையும் பாத்துட்டு அவ, "வீட்டுல என்னத்தத்தான் விட்டுட்டுப் போறான்?"ன்னு கேட்டா. வீட்டுக் கடனைன்னேன். அதுக்கப்புறந்தான் ஒன் அப்பன் சொன்னான், இந்த வண்டிக்கும் கடனாம், 15 வருசத்துக்கு. காத்து வாங்கப் போறவனுக்கு நல்ல தொணைதான்.

ஆசைப்பட்டுட்ட, குத்தமில்ல. கொரோனா நேரத்துல லாட்ஜுக்கும் விமானத்துக்கும் பயந்த சனம், சொந்தக் கட்டிலோட கெளம்பிருச்சு. 2021-ல மட்டும் அந்த நாட்டு ஆலைகள்லேருந்து ஆர்வின்னு சொல்ற இந்த மாதிரி வண்டி 6 லட்சம் வெளிய போச்சாம். 2023-ல அது 3 லட்சத்துச் சொச்சத்துக்கு எறங்கிருச்சு. இண்டியானாவுல எல்கார்ட்டுன்னு ஊரு, அந்த வட்டாரத்துலதான் பெரும்பாலான வண்டி கட்டுறாங்களாம். அங்க உள்ளவுகளுக்கு நெதம் வேலை இருக்கணும்னா, ஒன்ன மாதிரிப் புள்ளைகளுக்கு ஆசை வத்தக்கூடாது. நீ பாத்து நடந்துக்க. வாங்குறதுக்கு முன்னால ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாத்தியான்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா நீ போன வச்சிருவ.

ஒன் ஐயா நான் கீதாரி. வெவரம் தெரிஞ்ச நாளா ஆட்டுக்குப் பின்னால அலைஞ்சவன். அறுப்பு முடிஞ்சா கீழத் தஞ்சைப் பக்கம் எறங்குவோம். ராத்திரிக்கு வயல்ல கெடை போட்டா, ஆடு போடுற புழுக்கைக்கு வயக்காரர் எங்களுக்குக் கூலி குடுப்பாரு. ஒங்க கதை தலைகீழா இருக்கே! ஒன் வண்டிக்கு அடியில ரெண்டு தொட்டி. குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவுன தண்ணி சாம்பத் தொட்டிக்கு. மத்தது கறுப்புத் தொட்டிக்கு. அத வழியில எங்கயும் விடக்கூடாது, அதுக்குன்னு உள்ள எடந்தேடிப் போயி, கையொறை மாட்டி, குழாயச் சொருகி எறக்கணும். பல எடத்துல அதுக்குக் காசும் குடுக்கணும். படிச்சு, பட்டணம் போயி, கம்ப்யூட்டர் வேலை பாத்து, கடைசியில எம்பேரன் வந்து நிக்கிற எடத்தப் பாத்தியா?

சரி, வந்ததே வந்துட்ட, மொறையாச் செய்யி. கறுப்பத்தான் மொதல்ல தொறக்கணும், சாம்பலப் பொறகு. அந்தச் சோப்புத் தண்ணி வந்து குழாய அலசிரும். மாத்திச் செஞ்சா அலசுறதுக்கு ஒன்னத் தவிர ஆளில்ல. ஒன் பொண்டாட்டி வண்டிய விட்டு எறங்கவே மாட்டா, சொல்லிட்டேன்.

பெரிய வண்டின்னா லிட்டருக்கு மூணு, நாலு கிலோமீட்டர்தான் போகுமாம். பெட்ரோல் கடைக்காரன் ஒன்னச் சொந்தக்காரனாட்டம் விசாரிப்பான். கூரை மேல ஏசி இருக்கு, வண்டி ஒசரத்த எழுதிக் கண்ணு முன்னால ஒட்டி வை. பாலத்துக்கு ஒன் சம்பளம் தெரியாது.

இன்னொண்ணு. நெனச்ச எடத்துல நெனச்ச நேரம் தங்கலாம்னுதான இத வாங்குன? பேர் போன பூங்காவுல எடம் புடிக்க, பல எடத்துல ஆறு மாசத்துக்கு முன்னாலயே கம்ப்யூட்டர்ல குந்தணுமாம். அரசாங்கத்துப் பொறம்போக்குல சும்மா நிறுத்தலாம். அங்கயும் பொதுவா 14 நாள்தான், பொறகு கெளம்பிரணும். அது ஒண்ணுதான் எனக்குப் புடிச்சிருக்கு. கெடையும் ஒரே எடத்துல கெடந்தா பொழப்பு நாறிரும். அந்த மாதிரி எடத்துல தண்ணி இருக்காது, கரண்டு இருக்காது, கொண்டுபோனதுதான். டிவி ஓடலேன்னு புள்ளைக அழுவும். அழட்டும். ரெண்டு நாள்ல வானத்துல நட்சத்திரம் இருக்கிறது அதுகளுக்கே தெரிஞ்சிரும்.

அடுத்த கோடைக்கு எங்கள எல்லோஸ்டோன் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னிருக்க. "எனக்குக் கட்டில் எதுக்கு, வெளியில ஒரு பாயப் போடு, காத்தாடப் படுத்துக்கிருவேன்"னு நாந்தான் சொன்னேன், இல்லேங்கல. நேத்து ஒன் அப்பன் ஒரு சேதி சொன்னான். அங்க ஃபிஷிங் பிரிட்ஜுன்னு ஒரு எடத்துல கரடி நடமாட்டமாம். துணிக் கூடாரத்துக்கே அனுமதி கெடையாதாம், கெட்டிச் சுவர் வச்ச வண்டி மட்டுந்தானாம்.

அந்தக் கட்டில் எத்தனை அடி நீளம்னு மட்டும் அளந்து சொல்லு, அப்பு. அப்பத்தாளுக்காகத்தான் கேக்குறேன்.